பதினாலு குளிசை

பாவற்காயை மெல்லிய வட்டங்களாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பிழிந்து, முறுகப் பொரித்தெடுத்தால் கைப்பு முக்கால்வாசி போய்விடும். கிரிஜா அன்று பிழியவுமில்லை, பொரிக்கவுமில்லை. கைப்பு முழுதாக இருக்கட்டும் என்று அப்படியே கறிக்குள் போட்டாள். விடிகாலை நான்கே முக்கால். வெளியே மழை. ஜெர்மனியின் வூப்பர்டாலில் மழை பெய்கிறதா என்று யன்னலைத் திறந்து பார்க்கிறவர் யாருமில்லை. பெய்யும் என்றே குடையை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள்.

குளியலறையில் குகதாசன் முகம் வழிக்கும் சத்தம் கேட்டது. அவனுக்கு ஆறு மணிக்கு வேலை. குறடு செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் குறட்டின் வாயைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். கிரிஜா லாச்சியைத் திறந்து, கடுகுப் போத்தலுக்குப் பின்னால் கையை விட்டுச் சின்னப் பெட்டியொன்றை எடுத்தாள். உள்ளே மாத்திரைப் பட்டையில் வெள்ளைக் குளிசைகள். ஒன்றைக் கடதாசி மடிப்புக்குள் வைத்து, சத்தம் வராமல் கீழே துவாயை விரித்து, எவர்சில்வர் பேணியின் அடியால் அழுத்தினாள். தூளைக் கறியில் கலந்து அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியில் சோற்றின் மேல் ஊற்றினாள்.

விரலில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பாவற்காயின் கைப்பு வேறு. இது சில்லறைக் காசை வாயில் வைத்ததுபோல் இருந்தது.

பதினாலில் ஒன்று முடிந்தது.

*

ஒரு மாதத்துக்கு முன்னர்தான் தொடங்கியது. முதலில் கடி, அடங்காத அரிப்பு. பிறகு வெள்ளைபடுதல், மஞ்சளும் பச்சையுமாக, நுரைத்து. எத்தனை தரம் கழுவினாலும் ஒரு வாடை. மருந்துக்கடையில் பூஞ்சணத்துக்குப் பூசுகிற கிறீம் ஒன்று வாங்கி ஆறு நாள் பூசினாள். ஒன்றும் மாறவில்லை.

அவள் சந்தேகப்பட்டது துணியை. மூன்று ஆஸ்பத்திரிகளின் துணியும் ஏழு ஹோட்டல்களின் துணியும் வந்து சேர்கிற சலவை ஆலையில் அவளுக்கு வேலை. அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று நடுவில் சுவர். தை மாதம் முழுக்க அவளை அழுக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். இப்போது சுத்தப் பக்கத்தில், படுக்கை விரிப்புகளை அழுத்தும் பெரிய உருளை இயந்திரத்தில், ஜசிந்தாவோடு நின்றாள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இயந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும். அது இழுத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலத்துக்கு இருநூறு விரிப்பு.

"ஜசிந்தாக்கா, உந்த அழுக்குத் துணியாலை வருத்தம் ஏதும் தொத்துமோ?"

"கையுறை போட்டனீரோ?"

"போட்டனான்."

"பிறகென்ன? நான் இருபது வரியமா உந்த ஊத்தையை அள்ளுறன். எனக்குத் தொத்தினது உவள் ஹைக்கேயின்ர வாய் மட்டும்தான்."

ஹைக்கே அடுத்த இயந்திரத்தில் துவாய் மடிக்கும் ஜெர்மன்காரி. தன் பெயர் கேட்டதும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"என்ன வருத்தம் உமக்கு?" என்றாள் ஜசிந்தா.

"ஒண்டுமில்லை, சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்கிற முகமில்லை உது. துணியைப் பிடியும், கோணுது."

மற்ற நேரமென்றால் டொக்டரிடம் குகதாசன்தான் கூட வருவான். அவளுடைய ஜெர்மன் சலவை ஆலைக்குப் போதும், டொக்டருக்குப் போதாது. இந்தமுறை அவள் தனியாக நேரம் குறித்து டெர்மின் எடுத்து, தனியாகப் போனாள்.

டொக்டர் ப்ராண்ட், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய பெண். பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு துளி உப்புத்தண்ணீர் விட்டு, மூலையிலிருந்த நுணுக்குக்காட்டியில் வைத்தார். படம் பக்கத்துத் திரையில் தெரிந்தது. "பாருங்கள்," என்றார்.

பார்த்தாள். பேரிக்காய் வடிவில் ஏதோ இருந்தது. நுனியில் மயிர் போன்ற இழைகள். அது நீந்தவில்லை; துடித்துத் துடித்து இடம் மாறியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. தன் உடம்பிலிருந்து வந்தவை இப்படி உயிரோடு அலைவதைப் பார்க்க அவளுக்குக் கால் கூசியது.

"ட்ரைக்கோமோனாஸ். ஒரு ஒட்டுண்ணி. கனபேருக்கு வருவது. குணமாக்கலாம்."

"துணியிலிருந்தா?"

"இல்லை."

"கழிப்பறை?"

"அப்படி நினைக்காதீர்கள். இது படுக்கையால் தொற்றுவது."

கிரிஜா தனக்குத் தெரிந்த ஜெர்மனை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். வாழ்க்கையில் எனக்கு ஒரே ஆண். இருபத்திரண்டு வருடம். டொக்டர் தலையசைத்தார். கேலியும் செய்யவில்லை, இரக்கமும் காட்டவில்லை.

"எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று இந்தக் கண்ணாடித் துண்டு சொல்லாது. ஆண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. மாதக்கணக்கில், சிலவேளை அதற்கும் மேலாகச் சத்தமில்லாமல் இருக்கும்."

"இருபத்திரண்டு வருடம் இருக்குமா?"

டொக்டர் கையுறையைக் கழற்றினார். "நான் பார்த்ததில்லை. இருக்கவே முடியாது என்று எழுதித் தரவும் மாட்டேன்."

அந்த இரண்டாவது வசனத்தை கிரிஜா இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கட்டுவதற்கு முன் குகதாசன் ஆறு வருடம் அகதி விடுதியிலும் அறைகளிலும் தனியாக இருந்தவன். அந்தக் காலத்துக்கு அவள் கணக்குக் கேட்கப் போவதில்லை.

வேறு தொற்றுகள் இருக்கின்றனவா என்று பார்க்க இரத்தமும் எடுத்தார்கள். ஒரு கிழமையில் எல்லாம் இல்லையென்று வந்தது. இதற்கு மட்டும் குளிசை. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, ஏழு நாள். கணவனும் அதே நாளில் தொடங்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் பந்து மாதிரி இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் போய்வரும். இருவருக்கும் முடியும்வரை உறவு வேண்டாம். மதுவும் வேண்டாம்.

"அவரைக் கூட்டி வாருங்கள். நான் விளங்கப்படுத்துகிறேன்."

"நான் சொல்லுவேன்," என்றாள் கிரிஜா.

அவருக்கு ஒவ்வாமை உண்டா, வேறு மருந்து எடுக்கிறாரா என்று டொக்டர் கேட்டவற்றுக்கெல்லாம் அவளே இல்லை என்று பதில் சொன்னாள். குகதாசனின் பெயரில் மருந்து வாங்க ஒரு நீலக் கடதாசி எழுதிக் கொடுத்தார்கள்.

*

சொல்லத்தான் நினைத்திருந்தாள். தண்டவாளத்துக்குக் கீழே தொங்கி ஓடும் தொங்குரயிலில் வரும்போது சிசிலியின் நினைப்பு வந்தது.

பக்கத்து நகரமான ஹாகனில் இருந்த சிசிலி இதே போன்றதொரு வருத்தத்தைப் புருசனிடம் போய்ச் சொன்னவள். அவன் ஒரேயொரு கேள்வி கேட்டான்: "உனக்கு எங்கையிருந்து வந்தது?" அந்தக் கேள்வியைப் புருசன் கேட்டான், பிறகு புருசனின் தாய் கேட்டாள், பிறகு கலியாண மண்டபங்களில் பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. டொக்டர் கண்டுபிடித்தது அவளில். ஆகவே வருத்தம் அவளுடையது. சிசிலி இப்போது வேறொரு நகரத்தில் தனியாக இருக்கிறாள்.

குகதாசனும் அதைக் கேட்பான். கேட்டுவிட்டு கிறேபெல்டில் இருக்கிற தமக்கை யோகத்துக்குப் போன் எடுப்பான். யோகத்திடம் போனால் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போனதுபோல. லைப்சிக்கில் படிக்கிற மகள் நிருஷாவின் காதுக்கும் அது எந்த வழியாலாவது போய்ச் சேரும்.

இன்னொன்றும் இருந்தது. போன இலையுதிர்காலத்தில் குகதாசன் முதுகு வருத்தத்துக்காக மூன்று கிழமை வெந்நீரூற்றுக் குளியலுக்குப் பேர்போன ஒரு நகரத்து மறுவாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வந்தான். அப்போது ஹைக்கே துவாயை மடித்துக்கொண்டே சிரித்தாள். அப்படிப் போகிற இடங்களில் ஆணும் பெண்ணும் மூன்று கிழமைக்கென்று ஒரு சோடி பிடித்துக்கொள்வார்களாம், அதற்கு ஜெர்மனில் ஒரு பெயரே உண்டாம். "புருசனைக் கவனம்!" ஜசிந்தா மொழிபெயர்த்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு அவனுடைய போனில் பீற்ரா என்றொருத்தியிடமிருந்து வாழ்த்து வந்தது. "அது சாப்பாட்டு மேசையிலை என்னோடை இருந்த மனிசி. முழங்கால் ஒப்பரேசன்," என்றான். அதற்கும் கிரிஜா சிரித்தாள்.

இப்போது அந்தச் சிரிப்பையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும்போது முடிவு செய்துவிட்டாள். சொல்வதில்லை. கறிக்குள் போடுவது.

*

"என்ன, திரும்பவும் பாவற்காயோ?"

"நீரிழிவுக்கு நல்லது."

"எனக்கெங்கை நீரிழிவு?"

"வராமல் இருக்கத்தான் சொல்லுறன்."

மூன்றாம் நாள் வேப்பம்பூ வடகம் போட்டு வெந்தயக் குழம்பு வைத்தாள். நான்காம் நாள் சுண்டங்காய். கைப்பானது எதுவெல்லாம் தமிழ்க் கடையில் இருந்ததோ அதெல்லாம் வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அவன் பியரை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தான். அது இருந்த இடத்தில் மோர் இருந்தது.

"நிருஷாவின்ர சோதனைக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். ஒரு கிழமைக்கு வீட்டிலை பியர் வேண்டாம்."

"அவளுக்கு மாசியிலைதானே சோதனை முடிஞ்சது?"

"முடிவு வரேல்லைத்தானே."

இருமல் என்று சொல்லி நிருஷாவின் அறையில் படுத்தாள். அவன் கதவடியில் வந்து நின்று பார்த்தான். அவள் இருமிக் காட்டினாள்.

அதற்கு முதலே, இரண்டாம் நாள் இரவு, அவன் கரண்டியால் கறியை அள்ளி, மூக்கருகில் கொண்டுபோய், வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தான். கிரிஜா தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போனான். அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு அங்கேதான். கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது. சாப்பாட்டுப் பெட்டியும் வெறுமையாகத் திரும்பி வந்தது. சனிக்கிழமை உலாத்தப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போய் ஐந்து மணித்தியாலம் கழித்து வந்தான். உலாத்துவதற்குக் கார் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடுத்த சனியும் போனான். அதற்கடுத்த சனியும்.

வெறுமையான கோப்பைகளை எண்ணிப் பதினாலும் முடிந்தது என்று அவள் நம்பினாள். தன்னுடைய பதினாலையும் விழுங்கியிருந்தாள்; கடியும் வாடையும் போயிருந்தன. இருமலும் நின்றது, பழையபடி தன் அறைக்கு வந்தாள். முதல் நாள் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நான்காம் நாள் அவள் பக்கம் திரும்பினான்.

நான்கு கிழமை கழித்து டொக்டர் ப்ராண்ட் மறுபடி பார்த்தார். திரையில் அதே பேரிக்காய், அதே துடிப்பு.

"உங்கள் கணவர் எல்லாக் குளிசையும் எடுத்தாரா?"

"எடுத்தார்."

"நிச்சயமாக?"

"என் கண்ணுக்கு முன்னால்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் எனக்குத் தெரிந்து காரணம் இரண்டுதான். ஒன்று, அரிதாகச் சிலருக்கு மருந்து வேலை செய்யாது. மற்றது, சிகிச்சை எடுக்காத இன்னொருவர் இருக்கிறார்."

ஐந்து மணித்தியாலம், என்று கிரிஜா மனதுக்குள் சொன்னாள். மூன்று சனிக்கிழமை. ஒரு முழங்கால்காரி.

மறுபடி பதினாலு குளிசை அவளுக்கு. பதினாலு அவனுக்கு.

*

அடுத்த நாள் அவளுக்கு லீவு. பகல் பதினொன்றரைக்குப் போன் அடித்தது. யோகம்.

"கிரிஜா, நான் சுத்தி வளைச்சுக் கதைக்க வரேல்லை. என்ர தம்பிக்கு என்னத்தைக் குடுக்கிறாய்?"

"சோறு குடுக்கிறன், மச்சாள்."

"சோத்துக்கை?"

கிரிஜா கதிரையை இழுத்து அதில் இருந்தாள்.

"என்ன சத்தத்தைக் காணேல்லை? அவன் ஒரு மாசமா உன்ர கையாலை ஒரு பிடி சோறு தின்னேல்லை, தெரியுமோ? வேலையிலை குப்பைக்கை கொட்டிப்போட்டுப் பேக்கரியிலை பாண் வேண்டித் தின்னுறான். வீட்டிலை நீ அங்காலை திரும்ப, குசினிக் குப்பை வாளிக்கை. சனிக்கிழமையிலை என்னட்டை ஓடி வந்து மூண்டு கோப்பை தின்னுறான். பாக்கிற எனக்கு வயிறு எரியுது."

"சனிக்கிழமை உங்களிட்டையோ வாறவர்?"

"பின்னை எங்கை போவான்? உன்ர கறி ஒரு போத்தல் என்ர ஃப்ரீசரிலை கிடக்கு. தூள் அடியிலை வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு. ஐயாவுக்கு வீடியோவிலை காட்டினனான்."

"எந்த ஐயா?"

"அது உனக்குத் தேவையில்லை. உது செய்வினைத் தூளாம். மனிசனைப் பெட்டிப்பாம்பா அடக்கிறதுக்குப் போடுறதாம். பியரை நிப்பாட்டினாய், அறையை மாத்தினாய், கைப்பாக் காய்ச்சி ஊத்துறாய். எல்லாம் ஐயா சொன்னமாதிரியே கிடக்கு. உனக்கேனடி அவனை அடக்க வேணும்? அவன் அடங்கித்தானே கிடக்கிறான்!"

கிரிஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் அவரோடை கதைக்கிறன், மச்சாள்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவன் தின்னவில்லை. ஒன்றிரண்டைத் தவிர ஒரு குளிசையும் அவன் வயிற்றுக்குள் போகவில்லை. அதுதான் திரும்பி வந்திருக்கிறது. ஐந்து மணித்தியாலமும் கிறேபெல்டில், யோகத்தின் மேசையில், மூன்று கோப்பைச் சோற்றுக்கு முன்னால். நேற்றிலிருந்து அவள் மனதுக்குள் அவனோடு படுக்க வைத்திருந்த முழங்கால்காரி மெல்ல எழும்பிப் போனாள். டொக்டர் சொன்ன இரண்டு காரணமும் இல்லை; மூன்றாவது காரணம் தன் கை. அவளுக்கு வெட்கமாயிருந்தது. அதற்குள்ளே ஒரு சந்தோசமும் இருந்தது. பழசாகத்தான் இருக்கும். விடுதிக் காலத்துப் பழசு. அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கும்.

இன்று சொல்லிவிடுவது என்று எழுந்தாள். முருங்கைக்காய்க் கறி வைத்தாள், தேங்காய்ப்பாலில் வெள்ளையாக, கைப்பில்லாமல்.

*

மூன்று மணிக்குக் குகதாசன் வந்தான். உடுப்பில் இரும்பும் எண்ணெயும் மணத்தன. மேசையில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருப்பதைப் பார்த்து நின்றான்.

"இருங்கோ," என்றாள்.

"என்ன?"

"மச்சாள் எடுத்தவ."

அவன் முகம் கறுத்தது. "அக்காவுக்கு வாய் சரியில்லை. நான் சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்."

"சும்மா சொல்லேல்லை. கறிக்கை போட்டனான். ஓம்."

அவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "என்ன போட்டனீர்?"

கிரிஜா ஒரு பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுத்து, தூரப் பிடித்து, பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"இது… மருந்துக்கடைக் குளிசையெல்லோ?"

"ஓம்."

"டொக்டர் தந்ததோ?"

"ஓம்."

அவன் தொப்பென்று கதிரையில் இருந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "எட கடவுளே! நான் ஒரு மாசமாப் பயந்து செத்துப்போனன். ஐயா சொன்னார், நாப்பத்தொரு நாளிலை எனக்குப் புத்தி பேதலிக்கும் எண்டு. நான் நாளை எண்ணிக்கொண்டு திரியிறன்!"

"எத்தனையாம் நாள்?"

"முப்பத்தி நாலு." மறுபடி சிரித்தான். "அதுசரி, சொல்லித் தந்திருக்கலாம்தானே? ஆட்டுக்குக் குழையிலை வைச்சுக் குடுக்கிறமாதிரி இதென்ன வேலை? எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்?"

"பிழைதான். நினைக்க எனக்கே நெஞ்சு பதறுது. இனி அப்பிடிச் செய்யமாட்டன்."

"எனக்கென்ன வருத்தம் எண்டு இதைத் தந்தவை?"

அவள் சொன்னாள். பேரிக்காய் வடிவம், துடிப்பு, அறிகுறியே இல்லாமல் ஆண்களில் இருப்பது, இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. படுக்கையாலை தொத்திறது என்பதைச் சொல்லும்போது மட்டும் மேசைவிரிப்பைப் பார்த்தாள். தனக்கென்று தயார்செய்து வைத்திருந்த பதில்கள் நெஞ்சுக்குள் வரிசையாக நின்றன. எனக்கு நீங்கள் ஒருத்தர்தான். நிருஷாவின் மேல் ஆணையாக. டொக்டரின் நம்பர் இருக்கு, நீங்களே கேளுங்கோ. சிசிலியின் புருசன் கேட்ட அந்தக் கேள்வியை இவனும் கேட்டதும் முதலில் எதைச் சொல்வது என்றுகூட முடிவு செய்திருந்தாள். கேட்டுக் கத்தினாலும் பரவாயில்லை. கத்தி முடிந்ததும், பழசாயும் இருக்கலாமாம் என்று சொல்லி அவனையும் ஆற்றலாம்.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏழு நாளோ?" என்றான்.

"ஏழு நாள்."

"காலையும் பின்னேரமுமோ?"

"ஓம்."

"சாப்பிட்ட பிறகோ?"

"ஓம். பியர் குடிக்கேலாது."

"அது பரவாயில்லை." பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்காவுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"நிருஷாவுக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"சொல்ல வேண்டாம்." எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். இன்னும் சாப்பிடவில்லை என்று அவள் சொல்ல முன்னரே ஒரு குளிசையை வாயில் போட்டு விழுங்கினான். முகத்தைச் சுளிக்கவில்லை. பிறகு பெட்டிக்குள் மடித்திருந்த விளக்கத் தாளை எடுத்து விரித்தான். இரண்டு பக்கமும் நெருக்கமாக ஜெர்மன் எழுத்து. வீட்டு வாடகைப் பத்திரத்தைக்கூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினான்.

அடுப்பில் முருங்கைக்காய்க் கறி ஆறிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். அவன் விரல் வரிவரியாகக் கீழே இறங்கியது.

"நீங்கள் என்னை ஒண்டும் கேக்கேல்லை," என்றாள்.

"என்னத்தைக் கேக்கிறது?"

"எனக்கு இது எங்கையிருந்து வந்ததெண்டு."

விரல் ஒரு வரியில் நின்றது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. தாளை மறுபக்கம் திருப்பி, மேலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.